புறக்கடைக் கோழிகளில் கண்நோய்: வேறுபடுத்தி அறிதலும் சிகிச்சையும்

ஆய்வுச்சுருக்கம்

புறக்கடைக் கோழிகளில் காணப்படும் கண் வீக்கம், நீர்வடிதல், இமை ஒட்டிக்கொள்ளல் ஆகியன பேச்சுவழக்கில் ‘கண்நோய்’ என்னும் ஒரே பெயரால் குறிக்கப்படுகின்றன. இப்பெயர் நச்சுயிரி, பாக்டீரியா, ஒட்டுண்ணி, ஊட்டக்குறை, காற்று மாசு என வேறுவேறான காரணங்களைத் தன்னுள் மறைத்துக்கொள்கிறது. காரணம் வேறுபடும்போது சிகிச்சையும் வேறுபடுகிறது. சிலவற்றிற்கு மருந்தே இல்லை. கண்ணில் தோன்றும் அறிகுறிகளைப் பிற அறிகுறிகளோடு இணைத்து நோயை வேறுபடுத்தும் முறையையும், அதன்வழி அமையும் சிகிச்சையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புறக்கடைக் கோழி வளர்ப்பு, கண் அழற்சி, தொற்றுச் சளிநோய், கோழி அம்மை, வைட்டமின் ஏ குறைபாடு, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து

முன்னுரை

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவிலுள்ள கோழியினங்களின் எண்ணிக்கை 85.18 கோடியாகும். அவற்றுள் ஏறத்தாழ 31.7 கோடி புறக்கடையில் வளர்வன. மாநிலங்களில் தமிழ்நாடு 12 கோடிக்கும் மேற்பட்ட கோழிகளுடன் முதலிடம் பெற்றது. இவ்வெண்ணிக்கையின் பெரும்பகுதி நாமக்கல் போன்ற இடங்களின் பண்ணைகளுக்குரியது. பண்ணைக்கு மருத்துவரும் ஆய்வகமும் உண்டு. பத்துக் கோழிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வளர்க்கும் வீட்டிற்கு அவை எளிதில் எட்டுவதில்லை. ஒரு கோழியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவு சில வேளைகளில் அக்கோழியின் விலையை நெருங்கிவிடுகிறது. எனவே கண் வீங்கிய கோழிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கியதோ, வீட்டில் மனிதருக்கு வாங்கி மீந்ததோ மருந்தாகிறது. அது பயன்படாதபோது இழக்கப்படுவது ஒரு கோழி மட்டுமன்று. பெயர் அறியப்படாத அந்நோய் அதற்குள் கூட்டம் முழுவதும் பரவியிருக்கும்.

கோழிக் கண்ணின் அமைப்பு

கண்நோயைப் புரிந்துகொள்ளக் கோழியின் தலையமைப்பில் மூன்று கூறுகளை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, கண்ணுக்குக் கீழும் முன்னும் அமைந்துள்ள காற்றறை. இது மூக்குக் குழியோடு தொடர்புடையது. இதன் வெளிச்சுவர் பெரும்பாலும் தோலாலும் மென்திசுவாலும் ஆனது. மூக்கில் தொடங்கும் தொற்று இவ்வறையை நிரப்பும்போது, எலும்பின் தடையில்லாத காரணத்தால் முகம் வெளிப்புறமாகப் புடைக்கிறது. ‘கண் வீங்கியுள்ளது’ என்று சொல்லப்படுபவற்றில் பல உண்மையில் கண்ணின் வீக்கமல்ல. கண்ணுக்குக் கீழுள்ள இவ்வறையின் வீக்கமே.

இரண்டாவது, பறவைகளின் சீழ். பாலூட்டிகளின் வெள்ளணுக்களில் சீழை நீர்மமாக்கும் நொதிகள் உள்ளன. கோழியின் அதற்கு இணையான வெள்ளணுக்களில் அவற்றுள் முதன்மையான சில இல்லை. ஆதலால் கோழியின் சீழ் ஒழுகுவதில்லை. பாலாடைக்கட்டி போல இறுகுகிறது. இமைக்கடியில் இறுகிய இக்கட்டிக்குள் குருதியோட்டம் இல்லை. ஊசியாகவோ குடிநீரிலோ தரும் மருந்து அதனுள் சென்று சேர்வதுமில்லை. கட்டியை அகற்றாமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது வீண் முயற்சியாக முடிவதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது, மூன்றாம் இமையின் அடியிலுள்ள ஹார்டர் சுரப்பி. இது கண்ணை ஈரமாக வைப்பதோடு நோயெதிர்ப்பு அணுக்கள் செறிந்த இடமாகவும் விளங்குகிறது. வெள்ளைக் கழிச்சலுக்கான உயிருள்ள தடுப்பு மருந்தைக் குஞ்சின் கண்ணில் சொட்டாக விடும் வழக்கம் இதனை அடிப்படையாகக் கொண்டது. அவ்வாறு விட்ட சில நாட்களுக்குக் கண்ணில் சற்று நீர் வடிவதும் லேசான தும்மலும் இருக்கலாம். அது நோயன்று, மருந்து தேவையில்லை.

ஒரு பெயருக்குள் பல நோய்கள்

ஒரே பெயரால் பல நோய்களைக் குறிக்கும் பழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலம் பேசும் நாடுகளின் கோழி வளர்ப்போர் முகம் வீங்கிக் கண் அடைபட்ட எல்லாக் கோழிகளுக்கும் ‘ரூப்’ என்னும் ஒரே பெயரை நெடுங்காலம் வழங்கினர். அப்பெயர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் கூறுகூறாகப் பிரிந்தது. கலிபோர்னியாவில் ஜே. ஆர். பீச் 1920களில் வெளியிட்ட ஆய்வுகள், ‘ரூப்’ எனப்பட்டவற்றுள் ஒன்று தொற்றே அல்ல, வைட்டமின் ஏ குறைபாடு என்று காட்டின. 1932இல் டி பிளீக் தொற்றுச் சளிநோயின் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். வாயிலும் தொண்டையிலும் படலம் படியும் வகை அம்மை நச்சுயிரியால் வருவது என்பதும் தெளிவாயிற்று. ஒருவர் பசுங்கீரை கொடுத்துக் குணமாக்கியதாகவும், மற்றொருவர் அதே ‘ரூப்’ கீரையால் குணமாகவில்லை என்றும் சொன்ன பழைய முரண்பாட்டிற்கு விடை அப்போதுதான் கிடைத்தது. இருவரும் பார்த்தது ஒரே நோயையன்று.

கோழியைக் கையில் எடுக்கும் முன்

வேறுபடுத்தி அறிதல் கண்ணிலிருந்து தொடங்குவதில்லை, கூட்டத்திலிருந்து தொடங்குகிறது. நோயுற்றவை எத்தனை, ஒரு கண்ணா இரு கண்களா, எத்தனை நாட்களாக, அண்மையில் சந்தையிலிருந்து புதிய கோழி வந்ததா, இரவில் அடைக்கும் இடம் எத்தகையது, தீவனம் யாது என்னும் வினாக்களுக்கு விடை பெற்றபின் கோழியைப் பிடிப்பதே முறை. ஒரு கோழியின் ஒரு கண் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் நெல் உமி, தூசி, கொத்துக் காயம், சேவற்சண்டையின் கீறல் ஆகியவற்றை முதலில் ஐயுற வேண்டும். பல கோழிகள் இரண்டொரு நாட்களில் அடுத்தடுத்து விழுந்தால் தொற்றையும், ஒரே நாளில் எல்லாவற்றின் இரு கண்களும் சிவந்தால் காற்றையும் ஐயுற வேண்டும்.

பின்னர்த் தலையைப் பகல் வெளிச்சத்தில் இரு பக்கமும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். மூக்குத் துளையை மெல்ல அழுத்தினால் சளி வருகிறதா என்பதும், அதன் நாற்றமும், கொண்டையிலும் தாடியிலும் கொப்புளமோ பொருக்கோ உண்டா என்பதும் முக்கியமானவை. வாயைத் திறந்து பார்ப்பது பலரும் விட்டுவிடும் படிநிலை. ஆயினும் அம்மையையும் வைட்டமின் ஏ குறைபாட்டையும் சளிநோயிலிருந்து பிரித்துக்காட்டுவது பெரும்பாலும் வாயின் உட்புறமே.

தொற்றுச் சளிநோய்

ஏவிபாக்டீரியம் பாராகேலினாரம் என்னும் பாக்டீரியாவால் வருவது இது. கிருமி புகுந்த 1 முதல் 3 நாட்களுக்குள் அறிகுறி தோன்றிவிடும். மூக்கிலிருந்து முதலில் நீராகவும் பின்னர்க் கெட்டியாகவும் சளி வடியும், முகம் ஒருபுறமோ இருபுறமோ புடைக்கும், இமைகள் ஒட்டிக்கொள்ளும். சளியின் துர்நாற்றம் இந்நோயின் சிறப்படையாளம். இறப்பு பெரும்பாலும் குறைவு. முட்டையிடல் 10 முதல் 40 விழுக்காடு வரை குறையலாம்.

இக்கிருமி கோழியின் உடலுக்கு வெளியே சில நாட்களுக்கு மேல் வாழ்வதில்லை. எனவே காலியான கூண்டு சில நாட்களில் தானே தூய்மையாகிவிடுகிறது. நலம்பெற்ற கோழியோ தூய்மையாவதில்லை. குணமானதுபோல் தோன்றும் கோழி கிருமியைத் தன்னுள் வைத்திருந்து, அடுத்து வரும் புதிய கோழிக்கோ குஞ்சுக்கோ தருகிறது. மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்புவதும் உண்டு. ஆகவே சளிநோய் கண்ட வீட்டில் ‘மருந்து கொடுத்தாயிற்று, சரியாகிவிட்டது’ என்பது பாதி உண்மைதான். அக்கூட்டத்தில் புதியன சேர்க்காமல் மூடிய கூட்டமாகவே வைத்திருத்தல், அன்றி முழுவதையும் கழித்துவிட்டு இடைவெளி விட்டுப் புதிதாகத் தொடங்குதல் என இரு வழிகளே எஞ்சுகின்றன. சிறிய அளவில் வளர்ப்போர்க்கு முதல் வழியே நடைமுறைக்கு ஒத்தது எனல் தகும்.

இதனோடு எளிதில் குழம்பக்கூடியது மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம் தரும் நாட்பட்ட சுவாச நோய். இது மெல்ல வளர்வது. கண்ணின் மூலையில் சோப்பு நுரைபோன்ற குமிழிகளைக் காட்டுவது. இரவில் காது கொடுத்தால் மூச்சில் கரகரப்பைக் கேட்கச் செய்வது. துர்நாற்றம் பொதுவாக இல்லை. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் கிடையாது. செல்சுவரைத் தாக்கிச் செயற்படும் பென்சிலின் வகை மருந்துகள் இதனிடம் பயனற்றுப் போகின்றன. முட்டை வழியாகக் குஞ்சுக்கும் செல்வதால், இந்நோய் கண்ட பெட்டையின் முட்டையை அடைவைத்தல் ஆகாது.

கோழி அம்மை

அம்மை நச்சுயிரி கொசுக்கடி வழியாகவும் தோலிலுள்ள சிறு காயங்கள் வழியாகவும் புகுகிறது. கொண்டை, தாடி, இமை ஓரம் முதலான இறகற்ற இடங்களில் சிறு முடிச்சுகள் தோன்றிக் கருத்துப் பொருக்காகின்றன. இமையில் தோன்றும் பொருக்குகள் கண்ணை மூடிவிடுகின்றன. உள்ளே இருக்கும் கண் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். இரு கண்களும் மூடிய கோழி நோயால் இறப்பதைவிடப் பசியாலும் தாகத்தாலும் இறப்பதே மிகுதி.

இதற்கு நேரடி மருந்து இல்லை. பொருக்குகள் பொதுவாக 2 முதல் 4 வாரங்களில் தாமே உதிரும். அவற்றைப் பிய்த்தெடுத்தல் புண்ணைப் பெரிதாக்குவதோடு நச்சுயிரியையும் சிதறச் செய்கிறது. உதிர்ந்த பொருக்கில் அது பல மாதங்கள் வாழ வல்லது. எனவே உதிர்ந்தவற்றைத் திரட்டி எரித்தல் வேண்டும். வேப்பிலையும் மஞ்சளும் எண்ணெயில் குழைத்துப் பூசும் மரபு பலவிடங்களில் உண்டு. தோலின் பொருக்கில் பூசும்வரை இதனால் தீங்கில்லை. பொருக்கு இளகவும் துணைபுரிகிறது. கண்ணுக்குள் சாறு பிழிதல் வேறு செயல். அது கருவிழியைப் புண்ணாக்கும். வாயினுள் மஞ்சள்நிறப் படலம் படியும் வகை கொடியது. மூச்சுக்குழல் அடைபட்டுக் கோழி இறக்கலாம்.

6 முதல் 8 வார வயதில் இறகுச் சவ்வில் குத்தி இடப்படும் தடுப்பூசியே உரிய காப்பு. இட்ட 7 முதல் 10 நாட்களில் குத்திய இடத்தில் சிறு வீக்கம் தோன்றியுள்ளதா எனத் தடவிப் பார்த்தால், தடுப்பூசி பற்றியதா என்பது தெரிந்துவிடும்.

தொற்று அல்லாத காரணங்கள்

வைட்டமின் ஏ குறைபாட்டில் இமைக்கடியில் வெண்ணிறக் கட்டி சேர்கிறது. காண்போர் இதனைச் சீழ் என்றே கொள்வர். வாயிலும் உணவுக்குழலிலும் குண்டூசித் தலையளவு வெண்புள்ளிகள் காணப்படின் ஐயம் வலுப்பெறும். அவிழ்த்து விடப்பட்ட நாட்டுக்கோழி புல்லையும் தளிரையும் கொத்தித் தேவையானதைப் பெற்றுக்கொள்வதால் இக்குறை அதற்கு எளிதில் வருவதில்லை. நகரங்களில் மொட்டை மாடிக் கூண்டில் அடைபட்டு நொய்யும் தவிடும் வெள்ளைச் சோளமும் மட்டும் உண்ணும் கோழிக்கு வருகிறது. இத்தானியங்களில் வைட்டமின் ஏ ஆக மாறும் நிறமி மிகக் குறைவு. மஞ்சள் மக்காச்சோளத்தில் உண்டு. வளர்ந்த கோழியின் கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் அறிகுறி தோன்ற 2 முதல் 5 மாதங்கள் ஆகலாம். தீவனம் மாறி நெடுநாள் கழித்து வரும் நோய்க்குத் தீவனத்தைக் காரணமாக எவரும் எண்ணாமைக்கு இவ்விடைவெளியே காரணம். முருங்கைக்கீரை, அகத்தி, குதிரைமசால் ஆகியவற்றை நாள்தோறும் நறுக்கிக் கொடுத்தலும், தொடக்கத்தில் மருத்துவர் குறிக்கும் அளவில் வைட்டமின் ஏ சொட்டு மருந்து தருதலும் போதுமானவை. கருவிழி உலர்ந்து சிதைந்தபின் பார்வை திரும்புவதில்லை.

காற்று மாசு இரண்டாவது. எச்சத்திலுள்ள யூரிக் அமிலம் ஈரத்தில் சிதைந்து அம்மோனியா வெளிப்படுகிறது. காற்றில் அதன் அளவு 10 இலட்சத்தில் 25 பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று. அது மிகும்போது கருவிழி புண்படுகிறது. கோழிகள் கண்ணை மூடி, தலையை இறகுக்குள் புதைத்து ஒடுங்குகின்றன. மூங்கில் பஞ்சாரத்தில் இவ்விடர் இல்லை. மழைக்காலத்தில் தகரம் அடைத்த கூண்டில் உண்டு. விடியற்காலையில் கூண்டைத் திறந்தவுடன் கோழியின் உயரத்திற்குக் குனிந்து முகர்ந்தால் நெடி தெரியும். நின்ற நிலையில் முகர்வது போதாது. நாள்தோறும் அந்நெடியில் புழங்குவோரின் மூக்கு அதற்குப் பழகிவிடும் என்பதால், வெளியாள் ஒருவரை முகரச் செய்தல் இன்னும் நம்பத்தக்கது. ஈரக் கூளத்தை அகற்றிக் காற்றோட்டம் ஏற்படுத்துவதே இதற்குச் சிகிச்சை. சொட்டு மருந்து இட்டுவிட்டு மீண்டும் அதே கூண்டில் அடைப்பதில் பொருளில்லை.

கண்ணோரத்தில் கருநிற எள்மணிகள் ஒட்டியவைபோல் தெரிபவை ஒட்டுத்தெள்ளுகள். அவற்றின் மேல் பெட்ரோலியம் களிம்பைத் தடவினால் மூச்சடைத்து விழும். கூண்டின் மண்ணையும் தூய்மை செய்யாவிடில் திரும்பவும் ஏறும். மூன்றாம் இமைக்கடியில் வெண்ணூல்போல் நெளிவது கண்புழு. ஒருவகைக் கரப்பான் பூச்சியைக் கோழி கொத்தித் தின்பதால் அது உடலுள் வருகிறது. அதனை அகற்றுதல் மருத்துவரின் பணி. அழற்சி எதுவுமின்றிக் கண்ணின் நிறவளையம் சாம்பல் நிறமாக வெளிறி, பாவை ஒழுங்கற்ற வடிவம் பெற்றால் அது மேரக் நோயாகலாம். அதற்குச் சிகிச்சை இல்லை.

சிகிச்சையும் பேணலும்

காரணம் எதுவாயினும் முதற்பணி கோழியைத் தனிமைப்படுத்தல். நிழலான, தூசியற்ற இடமும், அகலமும் ஆழக்குறைவும் உடைய தண்ணீர்த் தட்டும் வேண்டும். கண் தெரியாத கோழியின் அலகை நாளைக்குப் பலமுறை நீரில் தோய்த்துக் காட்டுதலும், பிசைந்த தீவனத்தைக் கையால் ஊட்டலும் மருந்தினும் முந்தியவை. இரைப்பையை மாலையில் தொட்டுப் பார்த்தால் அது உண்டதா என்பது விளங்கும்.

கழுவுவதற்குக் கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு கரைந்த கரைசல் ஏற்றது. வீட்டளவையில் ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி. வெதுவெதுப்பான கரைசலில் நனைத்த தூய துணியை ஒட்டிய இமைமேல் சில நிமிடங்கள் வைத்தால் பொருக்கு இளகும். இழுத்துத் திறத்தல் கூடாது. உள்ளே கெட்டிச் சீழ் இருப்பின், இளகியபின் கீழிமையை மெல்லத் தாழ்த்தி, நனைத்த பஞ்சால் ஓரத்திலிருந்து தள்ளி வெளிக்கொணரலாம். எளிதில் வராததையும், கண்ணுக்குக் கீழறையில் இறுகியதையும் மருத்துவரே அறுத்து அகற்ற வேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் பஞ்சும், நோயுற்றவற்றைக் கடைசியில் தொடுதலும், பின்னர்க் கைகழுவுதலும் தவிர்க்கலாகாதவை.

வீட்டில் மீந்த கண் மருந்தால் வரும் இடர்கள் இரண்டு. மனிதர்க்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும்; கருவிழியில் புண் இருக்கையில் அது புண்ணை ஆழப்படுத்திக் கண்ணைத் துளைத்துவிடக்கூடும். இரண்டாவது, இல்லங்களில் பரவலாகக் காணப்படும் குளோராம்பெனிக்கால் களிம்பு. இம்மருந்தின் எச்சம் மிக அரிதாக மனிதரின் எலும்பு மச்சையைச் செயலிழக்கச் செய்யக்கூடும் என்பதால், உணவுக்காக வளர்க்கப்படும் உயிர்களுக்கு இதனைப் பயன்படுத்த இடமில்லை. வளர்ப்பவர் கண்ணுக்கு நாட்டுக்கோழி வீட்டு உயிராகத் தோன்றினும் அதன் முட்டை குழந்தையின் தட்டுக்குச் செல்கிறது.

சளிநோய்க்கு டெட்ராசைக்ளின், மேக்ரோலைடு வகைகளும் சல்ஃபா மருந்துகளும், மைக்கோபிளாஸ்மாவுக்குத் டைலோசின், டெட்ராசைக்ளின் வகைகளும் பயன்படுகின்றன. முட்டையிடும் கோழிக்குச் சல்ஃபா பொருந்தாது. அதன் எச்சம் முட்டையில் நெடுநாள் தங்கும். எம்மருந்தாயினும் அளவையும் நாட்களையும் மருத்துவர் வரையறுத்தல் வேண்டும். நோயுற்ற கோழி குறைவாகவே நீர் பருகுவதால், குடிநீரில் கலந்த மருந்து அதிகம் தேவைப்படும் கோழிக்கே குறைவாகச் சேர்கிறது; ஓரிரு கோழிகளுக்கு வாய்வழித் தனித்தனியே புகட்டல் சிறந்தது. அம்மைக்கும் வெள்ளைக் கழிச்சலுக்கும் இம்மருந்துகள் செயற்படா. மருந்து பயனற்ற நோய்க்கு அதனை ஊட்டுவதன் விலை, எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாக்களாக வீட்டுக்குள்ளேயே திரும்புகிறது. மனிதர்க்கு இறுதிக் காப்பாக அமையும் கொலிஸ்டினை உணவு விலங்குகளில் பயன்படுத்துவதை 2019 ஜூலையில் இந்திய அரசு தடைசெய்தது இதன்பொருட்டே.

உடனே அறிவிக்க வேண்டியவை

கண் வீக்கத்தோடு பச்சை அல்லது வெள்ளைக் கழிச்சல், கழுத்துத் திருகல், மூச்சுத்திணறல் சேர்ந்தால் அது வெள்ளைக் கழிச்சல் நோயாகலாம். தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை முகாம்கள் வழி இதற்குத் தடுப்பூசி இடுகிறது. இந்நச்சுயிரி மனிதர் கண்ணிலும் சில நாட்கள் நீடிக்கும் அழற்சியைத் தரும். நோயுற்ற கோழியைக் கழுவிய கையால் கண்ணைத் தேய்த்தல் அதற்குப் போதும். கொண்டையும் தாடியும் நீலம் பாரித்து, முகம் வீங்கி, ஓரிரு நாட்களில் பல கோழிகள் திடீரென இறந்தால் பறவைக் காய்ச்சலை ஐயுற வேண்டும். அந்நிலையில் கோழியைப் பிடித்துக் கண் பார்த்தலே தவறு. இறந்தவற்றை அறுத்தலும், விற்றலும், வாய்க்காலில் எறிதலும் ஆகா. 2009ஆம் ஆண்டின் விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் இவ்வாறான ஐயத்தை உரிய அலுவலர்க்குத் தெரிவிக்கும் பொறுப்பை வளர்ப்பவர் மீதே வைத்துள்ளது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்குச் செய்தி அனுப்பிவிட்டு, மருத்துவர் வரும்வரை எஞ்சிய கோழிகளை அடைத்து வைத்தலும், அக்கூண்டருகே குழந்தைகளை விடாதிருத்தலும் வீட்டார் செய்யத்தக்கன.